சேட்டிலைட் டிவி நிர்வாகிகள் சறுக்கும் இடங்கள்

பல நாடுகளில் ஒளிபரப்பாகும் சேட்டிலைட் சேனலில் பெரிய பதவிக்குப் போகிறவர் கையில் முதலில் வந்து சேருவது ஒரு வரைபடம். சேட்டிலைட்டின் சிக்னல் எந்தெந்த நாட்டின் மேல் விழுகிறது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கும், தொழிலில் அதற்கு ஃபுட்பிரின்ட் என்று பெயர். அந்தக் கோட்டுக்குள் வாழும் மக்கள்தொகையைக் கூட்டி, இத்தனை கோடிப் பேர் நம் பார்வையாளர்கள் என்று இயக்குநர் குழுவுக்கு ஸ்லைடு போடுவதில்தான் பாதிச் சறுக்கல்கள் ஆரம்பிக்கின்றன. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சேட்டிலைட்டுக்கு நாட்டு எல்லை தெரியாது, சரி. லைசென்ஸ், மொழி, வசூல் மூன்றும் தரையில் அல்லவா இருக்கின்றன?

ஸ்டார் டிவியின் கதை இதற்கு நல்ல பாடம். 1991இல் ஹாங்காங்கில் இருந்து தொடங்கியபோது ஏசியாசாட் 1 வழியாக மேற்கு ஆசியாவில் இருந்து ஜப்பான் வரை அதன் சிக்னல் விழுந்தது. ஆங்கில நிகழ்ச்சிகள், கண்டம் முழுக்க ஒரே சேனல், வசதியான வீடுகள், சர்வதேச விளம்பரதாரர்கள் என்பதுதான் ஆரம்பக் கணக்கு. அடுத்த வருடம், 1992 அக்டோபரில், அதே சேட்டிலைட்டில் வாடகைக்கு இடம் எடுத்து ஜீ டிவி ஹிந்தியில் வந்தது, இந்தியக் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1993இல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 52.5 கோடி டாலர் கொடுத்து ஸ்டாரின் பெரும்பங்கை வாங்கியது, ஜீயிலும் ஏறக்குறைய பாதிப் பங்கை எடுத்தது. கேட்க புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் ஜீயோடு செய்துகொண்ட ஏற்பாட்டில், ஹிந்தி நிகழ்ச்சிகளில் இறங்க முடியாதபடி ஸ்டார் தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. பிறகு ஸ்டார் பிளஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஹிந்தியைச் சேர்க்கத் தொடங்கியதும் அதுவே இரண்டு தரப்புக்கும் சண்டையானது. 1999இல் ஜீயில் இருந்து வெளியேறி, 2000 ஜூலையில் முழு ஹிந்தி சேனலாகி, அமிதாப் பச்சன் நடத்திய வினாடி வினாவைக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்டார் பிளஸ் முன்னுக்கு வந்தது. இடையில் ஓடிய வருடங்களில் இந்தியாவைப் பார்த்துக்கொண்ட அதிகாரிகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சந்தைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தும், மேலே யாரோ போட்ட கையெழுத்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஒரு நாட்டுக்குப் பொறுப்பேற்கும் முன் அந்த நாட்டில் கம்பெனி யார் யாரோடு என்னென்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று பழைய ஃபைல்களைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள், இலக்குத் தொகையை ஒப்புக்கொள்வதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாய். 1993 செப்டம்பர் 1 அன்று லண்டன் விருந்து மண்டபம் ஒன்றில் பேசிய மர்டாக், தொலைத்தொடர்பு வளர்ச்சி சர்வாதிகார ஆட்சிகளுக்கு ஆபத்தாகிவிட்டது என்கிற பொருளில் ஒரு வரி சொன்னார். ஸ்டாரைக் கையில் எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, சீனாவை நம்பித்தான் வாங்கியதே. அக்டோபரில் சீன அரசு தனியார் டிஷ் வைத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடு போட்டு ஆணை பிறப்பித்தது. 1994இல் சீனா பக்கம் போகும் ஸ்டாரின் சிக்னலில் இருந்து பிபிசியின் செய்தி சேனல் எடுக்கப்பட்டது. 1996இல் உள்ளூர்க் கூட்டாளிகளோடு ஃபீனிக்ஸ் சேனலைத் தொடங்கித்தான் மெதுவாகத் திரும்ப உள்ளே நுழைய முடிந்தது. அந்த ஒரு வரியைப் பேசியவர் முதலாளி, அவர் பதவிக்கு எதுவும் ஆகவில்லை. பெய்ஜிங்கில் அலுவலகம் அலுவலகமாகப் போய் உட்கார்ந்து தேநீர் குடித்து விளக்கம் சொல்ல வேண்டியது ஹாங்காங் அலுவலகத்து ஆட்கள்தான். முதலாளியின் வாயைக் கட்ட முடியாது என்பது உண்மை, ஆனால் அவர் பேச்சின் வரைவு உங்கள் பார்வைக்கும் வரும்படி ஒரு ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைக்கலாம். உங்கள் சொந்தப் பேச்சுக்கும் இது பொருந்தும். மாநாட்டு மேடையில் ஒரு நாட்டு விளம்பரதாரரைக் குஷிப்படுத்தச் சொல்வதை இன்னொரு நாட்டு அமைச்சக அதிகாரியும் கேட்டுக்கொண்டிருப்பார்.

நிகழ்ச்சித் தயாரிப்பு, மார்க்கெட்டிங் பக்கம் இருந்து மேலே வந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, டெக்னிக்கல் ஒப்பந்தத்தை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது. டிரான்ஸ்பாண்டர், அதாவது உங்கள் சிக்னலை வாங்கித் தரைக்குத் திருப்பி அனுப்பும் சேட்டிலைட் கருவி, அதன் வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைத் தொகை, காலம் எல்லாம் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும், எல்லோரும் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். உங்கள் தலையெழுத்து இருப்பது அதற்குப் பின்னால், சேட்டிலைட்டில் கோளாறு வந்தால் என்ன என்கிற பகுதியில். பாதுகாப்புள்ள டிரான்ஸ்பாண்டர் என்றால் உங்களுடையது பழுதானதும் மாற்று இடம் தர வேண்டும். பாதுகாப்பு இல்லாதது என்றால் பழுதானதோடு சரி. இன்னொரு வகை இருக்கிறது, மலிவாகக் கிடைக்கும்: வேறு வாடிக்கையாளரின் டிரான்ஸ்பாண்டர் பழுதானால் உங்களை இறக்கிவிட்டு அவரை ஏற்றிக்கொள்வார்கள், அதற்கு நீங்கள் முன்கூட்டியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முதல் வருட பட்ஜெட்டில் மிச்சம் காட்ட ஆசைப்பட்டு இந்த மூன்றாவதை எடுக்கிறார்கள். 1998 மே 19 அன்று கேலக்சி 4 சேட்டிலைட்டின் கட்டுப்பாட்டுக் கணினி பழுதாகி அது திசைமாறியபோது அமெரிக்கப் பேஜர்களில் பெரும்பகுதி ஊமையாகிவிட்டது, டிவி, ரேடியோ நிறுவனங்கள் அவசரமாக வேறு சேட்டிலைட் தேடி ஓடின. அப்படிப்பட்ட நாளில் மாற்று இடம் யாருக்கு முதலில் கிடைக்கும் என்பது வருடங்களுக்கு முன் கையெழுத்தான அந்தப் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். இதோடு சி பேண்ட், கேயு பேண்ட் என்கிற இரண்டு அலைவரிசைகளின் வித்தியாசமும் தெரிந்திருக்க வேண்டும். கேயு பேண்டுக்குச் சின்ன டிஷ் போதும், ஆனால் அடைமழையில் படம் உடையும். மழை கொட்டும் பிரதேசத்துக்குச் சேனல் கொண்டுபோகிறவர் இதைப் பொறுப்பேற்ற பின் கற்றுக்கொள்ளக் கூடாது.

டெக்னிக்கல் விஷயம் புரிந்தாலும் அதன் மேல் காதல் வந்துவிடக் கூடாது. பிரிட்டனில் பிஎஸ்பி நிறுவனம் அரசு உரிமத்தோடு, சொந்த சேட்டிலைட்டோடு, டி-மேக் என்கிற உயர்ந்த ஒளிபரப்புத் தரத்தோடு வந்தது. எதிரே ஸ்கை, லக்சம்பர்க் நிறுவனத்தின் ஆஸ்ட்ரா சேட்டிலைட்டில் வாடகைக்கு இடம் பிடித்து, பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறையிலேயே 1989 பிப்ரவரி 5 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. பிஎஸ்பி வந்து சேர 1990 ஆகிவிட்டது. அதே வருடம் நவம்பரில் இரண்டும் இணைந்தன, பேருக்குச் சரிபாதி, நடப்பில் ஸ்கையின் கை ஓங்கியது. பிஎஸ்பி படம் துல்லியமாக இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த அருமைக்காகப் பொறுத்திருந்தவர்கள் குறைவு.

விளையாட்டு உரிமை விஷயத்தில் எல்லோரும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்கை, பிஎஸ்பி இணைப்பில் பிறந்த பிஸ்கைபி 1992இல் ஆங்கில பிரீமியர் லீக் கால்பந்து நேரலையை வாங்கியது, சாம் சிஷோம் தலைமையில் கடனில் தத்தளித்த கம்பெனி எழுந்து நின்றது, ஆகவே விளையாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம் என்பார்கள். இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அன்றைக்குப் பிரிட்டிஷ் வீட்டில் காசு கொடுக்காமல் கிடைத்தது நான்கே சேனல்கள். ஜெர்மனியில் ஊடக முதலாளி லியோ கிர்ச் இதையே பண்டஸ்லிகா கால்பந்தையும் ஃபார்முலா 1 பந்தயத்தையும் வைத்துச் செய்தார், அங்கே கேபிளிலும் டிஷ்ஷிலும் ஏராளமான சேனல்கள் இலவசமாகவே வந்துகொண்டிருந்தன. பிரீமியர் என்கிற அவருடைய கட்டண சேவைக்குப் போதுமான சந்தாதாரர்கள் வரவில்லை, 2002 ஏப்ரலில் அவருடைய முக்கிய நிறுவனமே திவாலானது. ஒரு நாட்டுக்குக் கட்டண சேனல் கொண்டுபோகும்போது நீங்கள் விற்பதன் விலையை நிர்ணயிப்பது அங்கே சும்மா கிடைப்பது எது என்பதுதான். ஒரு வாரம் அந்த நாட்டு ஓட்டல் அறையில் உட்கார்ந்து இலவச சேனல்களை மட்டும் பாருங்கள், கன்சல்டன்ட் அறிக்கையில் வராதது கண்ணில் படும்.

உரிமை வாங்கும்போது எந்த நாட்டுக்கு என்பதும் சிக்கல்தான், ஏனென்றால் சிக்னல் பக்கத்து நாட்டிலும் விழும். போர்ட்ஸ்மவுத் நகரில் மதுக்கூடம் நடத்திய ஒரு பெண் கட்டண சேனலைத் திறக்கும் டிகோடர் கார்டைக் கிரேக்க நாட்டில் இருந்து வாங்கி ஆங்கிலக் கால்பந்து காட்டினார், வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், வெளிநாட்டுக் கார்டுகளைத் தடைசெய்வது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நாடு நாடாகப் பிரித்து விற்கும் பழக்கத்தையே அது ஆட்டிப்பார்த்தது.

சரி, விநியோகம். இதைப் பற்றிப் பேசினால் பெரிய பதவியில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். நிகழ்ச்சி நன்றாக இருந்தால் தானாகப் பரவும் என்று மனதார நம்புகிறார்கள். அனலாக் காலத்தில் கேபிள்காரரிடம் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று அவரே சொன்னதுதான் கணக்கு, சொல்வது இருப்பதில் ஒரு பங்குதான், மீதிக்குச் சந்தா வராது. பழைய டிவி பெட்டிகளில் பிடிக்கும் சேனல்களோ கொஞ்சம், அந்த முதல் வரிசையில் உங்களை வைப்பதா கடைசியில் தள்ளுவதா என்பதும் அவர் கையில். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்து வரும் துணைத்தலைவர் நடிகர்களோடு விருந்துக்குப் போவார், இந்த ஆளைச் சந்திக்க மாட்டார். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு எண்ணிக்கை வெளிச்சத்துக்கு வந்தது, பேரம் மட்டும் போகவில்லை. எந்தப் பேக்கேஜில் சேர்ப்பது, பட்டியலில் எத்தனையாவது எண், இடம் பிடிக்க யார் யாருக்குப் பணம் தருவது என்று வேறு உருவத்தில் தொடர்கிறது.

கூட்டாளியோடு போடும் ஒப்பந்தத்தில் கசப்பான விஷயத்தை மழுப்பலாக விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கும். சவூதி முதலாளிகளின் ஆர்பிட் நிறுவனத்துக்காக பிபிசி 1994இல் அரபு மொழிச் செய்தி சேனல் தொடங்கியது. தலையங்கச் சுதந்திரம் ஒரு பக்கம், பண்பாட்டு உணர்வுகளை மதிப்பது இன்னொரு பக்கம், இரண்டும் எங்கே மோதும் என்று தெளிவாகத் தீர்க்காமல் ஓட்டினார்கள். சவூதியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் 1996 ஏப்ரலில் ஆர்பிட் ஒப்பந்தத்தை முறித்தது. வேலை போன பத்திரிகையாளர்கள் பலர் அதே வருடம் நவம்பரில் தொடங்கிய அல் ஜசீராவுக்குப் போனார்கள். அல் ஜசீராவுக்கு அடுத்த அதிர்ஷ்டமும் இன்னொருவர் தவறால் வந்ததுதான்: 1997இல் ஒரு பிரெஞ்சு விநியோக நிறுவனம் அரபு நாடுகளின் அரப்சாட் சேட்டிலைட் வழியாகப் போக வேண்டிய கல்வி நிகழ்ச்சிக்குப் பதில் ஆபாசப் படத்தை அனுப்பிவிட்டது, சவூதி வீடுகள் வரை அது போனது. அவர்களை அரப்சாட் வெளியேற்றியது, காலியான சி பேண்ட் இடம் அல் ஜசீராவுக்குக் கிடைத்தது. கன்ட்ரோல் ரூமில் தப்பான ஃபீடைத் திருப்பிவிட்டவர் கீழ்மட்ட ஊழியராகத்தான் இருப்பார், பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்.

இனி இந்தத் தொழிலே எத்தனை காலம் என்று யோசிக்காமல் இருப்பதும் தவறுதான். 2021 அக்டோபரில் டிஸ்னி தென்கிழக்கு ஆசியாவிலும் ஹாங்காங்கிலும் 18 சேனல்களை மூடியது. அதே வருடம் பிரிட்டனின் ஸ்கை, டிஷ்ஷே தேவைப்படாத டிவியை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் சி பேண்டின் ஒரு பகுதி 8,100 கோடி டாலர் ஏலத்தில் 5ஜி நிறுவனங்களுக்குப் போனது. சேட்டிலைட் நாளைக்கே காணாமல் போகாது, சேனலைப் பல நாட்டு கேபிள் நிறுவனங்களுக்கு ஒரே வீச்சில் கொண்டுசேர்க்க இன்னும் அது வசதியான வழிதான். ஆனால் இருபது வருட அனுபவத்தில் சந்தாதாரரிடம் நேரடியாகப் பணம் வாங்கும் வேலையை ஒரு தடவையும் தொடாதவர், ஸ்ட்ரீமிங் பிரிவின் நேர்காணலில் பேச விஷயம் இல்லாமல் திணறுவார்.

கடைசியாக உங்கள் சொந்த ஒப்பந்தம். கம்பெனிக்காக நாள்கணக்கில் ஒவ்வொரு வரியாகப் பேரம் பேசுகிறவர்கள், தங்கள் வேலைக் கடிதத்தைச் சம்பளம் மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். இது இணைப்பும் கைமாற்றமும் ஓயாத தொழில், ஸ்கையோடு இணைந்தபோது வேலை இழந்த பிஎஸ்பி ஊழியர்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கலாம். நிறுவனம் கைமாறினால் உங்களுக்கு என்ன, வெளிநாட்டில் இருக்கும்போது வேலை போனால் குடும்பம் திரும்பிவரும் செலவு யாருடையது, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் வரை வீட்டு வாடகை உண்டா, வரி எந்த நாட்டில், போட்டி நிறுவனத்துக்குப் போகக் கூடாது என்கிற தடை எத்தனை மாதம், அது எந்தெந்த நாடுகளுக்கு என்பதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். இந்தத் தடையில் ஃபுட்பிரின்ட் முழுவதையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரு கண்டத்திலேயே உங்களுக்கு வேலை கிடைக்காது. அடித்துத் திருத்தச் சொல்லுங்கள், சேர்க்கும் அவசரத்தில் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.