புது எஸ்கியூலைட் போட்டும் பைத்தான் பழையதையே எடுக்கிறதா?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையின் சரக்குக் கணக்கு, பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோவில் ஓடுகிறது. சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். 2019 மே மாதம் ஜாங்கோ 2.2-க்கு மாற்றியபோது, எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரி 3.8.3-ஆவது வேண்டும், இருப்பது 3.7.17 என்று சொல்லி நின்றுவிட்டது. என்னோடு வேலை செய்யும் தம்பி புது எஸ்கியூலைட்டை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தான். பைத்தான் 3.7-ஐயும் மறுபடி கம்பைல் செய்தான். ஒரு எரர் இல்லை. ஓட்டினால் அதே 3.7.17. சத்துவாச்சாரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்த நேரம் போன்: "அண்ணா, பழைய ஃபைலைத் தூக்கிடட்டுமா?"

தூக்கவே கூடாது. சென்ட்ஓஎஸ் 7-இல் மென்பொருள்களைப் போடும் யம் கமாண்ட் அந்த எஸ்கியூலைட்டை நம்பித்தான் இருக்கிறது. அது போனால் யம்மும் படுத்துவிடும், யம்மை வைத்துத் திரும்பப் போடவும் முடியாது.

சிக்கல் இதுதான்: லைப்ரரி ஃபைலைக் கம்பைல் செய்யும்போது தேடுவது லிங்கர், ஓடும்போது தேடுவது லோடர். லிங்கர் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் வரை தானாகவே போய்ப் பார்க்கும். சென்ட்ஓஎஸ் லோடருக்கு நாம் சொல்லாவிட்டால் அந்த இடமே தெரியாது. உபுண்டுவில் அந்தப் பாதை முன்பே எழுதியிருக்கும். அதனால்தான் தம்பியின் லேப்டாப்பில் எல்லாம் சரியாக ஓடியது.

முதலில், ஒரு பைனரி எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டில் எது லோடாகிறது என்று பாருங்கள். பைத்தான் பைனரி மேல் ஓட்டினால் எஸ்கியூலைட் பெயரே வராது. நாங்கள் அரை மணி நேரம் அங்கேதான் தொலைத்தோம். பைத்தானின் லிப்-டைன்லோட் அடைவுக்குள் எஸ்கியூலைட்3 என்று பெயர் கொண்ட எஸ்ஓ ஃபைல் இருக்கும், அதன் மேல் ஓட்டுங்கள். எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று வலதுபக்கம் தெரியும். "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்று எரர் வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஊர் பேர் தெரியாத பைனரி மேல் மட்டும் எல்டிடி வேண்டாம்; சில சமயம் அது அந்த புரோகிராமையே ஓட்டிவிடும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய, எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் புதுப் பாதையைக் கொடுத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சரியானால் நோய் தெரிந்துவிட்டது. அதையே டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி-யில் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். டெர்மினலில் ஓடும்; ஆனால் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி, நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரான் இரண்டும் அந்த ஃபைலைப் படிக்காது.

நிரந்தரமாகச் சரிசெய்ய இரண்டு வழி. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-யில் ஒரு ஃபைல் வைத்து, அதில் பாதையை எழுதி, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டலாம். சுலபம்தான், ஆனால் யம் உட்பட மெஷின் முழுக்கப் புது லைப்ரரிக்கு மாறும். எனக்குப் பிடித்தது இரண்டாவது: எஸ்கியூலைட்டை /ஆப்ட் கீழே தனி அடைவில் (பிரிஃபிக்ஸ்) போட்டு, அதன் லிப் பாதையை லிங்கருக்கான எல்டிஃபிளாக்ஸில் ஆர்பாத்தாக, அதாவது பைனரிக்குள்ளேயே எழுதப்படும் தேடும் பாதையாகக் கொடுத்து, மேக் கிளீனால் பழைய கம்பைல் ஃபைல்களை அழித்துவிட்டுப் பைத்தானை மறுபடி கம்பைல் செய்வது. அந்த எஸ்ஓ ஃபைலில் பாதை ஏறியதா என்பதை ரீட்எல்ஃப் -டி கமாண்ட் காட்டும்.

அன்று நாங்கள் செய்ததும் அதுதான். டெர்மினலில் புது வெர்ஷன் காட்டியது, தளத்தில் மறுபடி பழைய எரர். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய மறந்திருந்தோம்.