வடை சுட்ட எண்ணெயை என்ன செய்யலாம்?

ஒரு முறை பொரித்த எண்ணெயைக் குழம்புக்கும் பொரியலுக்கும் ஊற்றலாம். அதில் மறுபடி பொரிக்க வேண்டாம். மிச்சத்தை ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீடுகளுக்குச் சொல்வதும் இதைத்தான். ஹோட்டல்களுக்குச் சட்டமே இருக்கிறது: எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால், 2018 ஜூலை 1 முதல் அதில் சமைக்கக் கூடாது. அதை அளக்க மீட்டர் உண்டு. வீட்டில் கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

மிச்சம் எப்படித் தேறும் என்பது பொரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அகலமான வாணலியில் அரை லிட்டர் ஊற்றுவதைவிட, குழிவான சின்னச் சட்டியில் கால் லிட்டர் ஊற்றி நாலு நாலாகப் போட்டு எடுங்கள். சூடு 170, 180 டிகிரி போதும். துளி மாவு போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். போட்டதும் கருகினால் சூடு அதிகம். புகைய விட்டால் எண்ணெயிலுள்ள கிளிசரால் உடைந்து அக்ரோலின் என்ற வாயுவாகிறது. கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். செக்கு எண்ணெய் ரீஃபைண்டைவிடச் சீக்கிரம் புகையும்.

பூரிக்குத் தேய்த்த மாவை உதறிவிட்டுப் போடுங்கள். உதிரும் மாவு அடியில் கருகி எண்ணெயைக் கசக்க வைக்கும். அப்பளத்தில் இருக்கும் காரம் எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பை உண்டாக்கிவிடும். பிறகு என்ன போட்டாலும் நுரைக்கும். அதனால் அப்பளத்தைக் கடைசியில் பொரிப்பது நல்லது. மீன் பொரித்த எண்ணெய் மீன் குழம்புக்கு மட்டும்.

அடுப்பை அணைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அசைக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். மேலாக இறுத்து, ஈரமில்லாத வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் கசடைப் பிழிந்து எடுக்க ஆசைப்பட வேண்டாம். எவர்சில்வர் கிண்ணத்திலோ கண்ணாடிப் பாட்டிலிலோ ஊற்றி, மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்புச் சட்டியிலேயே விட்டுவைத்தால் சீக்கிரம் காறிப்போகும். பித்தளை, செம்பு இன்னும் மோசம்.

புளிக்குழம்பு, சாம்பார், கத்தரிக்காய் வதக்கல் இவற்றுக்கு அது சரி. நீர் இருக்கும் வரை குழம்பின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் வேண்டாம், மாதக்கணக்கில் இருக்க வேண்டியவை அவை.

பலரும் செய்யும் தப்பு, பழைய எண்ணெயில் புதுசை ஊற்றி நிரப்புவது. பழையதில் ஏற்கெனவே உண்டான சிதைவுப் பொருட்கள் புது எண்ணெயையும் வேகமாகக் கெடுக்கும். கால் லிட்டரை மிச்சப்படுத்தப் போய் அரை லிட்டர் போகும்.

கெட்டுப்போனதை நுரையே காட்டிக்கொடுக்கும். நல்ல எண்ணெயில் வடையைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழும்பிச் சட்டென்று உடையும். கெட்டதில் பொடிப்பொடியாக நுரைத்து, விளிம்பு வரை ஏறி, அடங்காமல் நிற்கும். சட்டி ஓரத்தில் பசை மாதிரி மஞ்சள் வளையம் ஒட்டும். எண்ணெய் கொழகொழப்பாகும், சிக்கு வாடை வரும், நீலச் சாம்பல் நிறத்தில் புகை வரும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே குழம்புக்கும் ஆகாது.

அதைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து குழாயை அடைக்கும். கொஞ்சம் என்றால் மரத்தூளிலோ பழைய பேப்பரிலோ ஊறவிட்டுக் குப்பையில் போடலாம். லிட்டர் கணக்கில் சேர்ந்தால் பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். கேனின் மேல் 'சமையலுக்கு அல்ல' என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள்.