புதுப் பாட்டு தேடும்போதும் சொல்லும்போதும் சறுக்குகிற இடங்கள்

திருநெல்வேலிச் சீமையில் சினிமாப் பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வந்து காதில் ஏறும். தென்காசி பஸ்ஸில் டிரைவர் போடுவார். ஊரில் கொடை என்றால் ரேடியோ செட்காரர் முதல் வேலையாகக் குழாயை மரத்தில் கட்டிவிடுவார். இண்டி (பெரிய கம்பெனி இல்லாமல் தாங்களே போடுகிற பாட்டு), சோல் (அமெரிக்கக் கறுப்பர்களின் உருக்கமான பாட்டு), எலக்ட்ரானிக் (மின்னணுக் கருவிகளில் செய்கிற இசை) என்று போகிறவருக்கு இந்த வசதி கிடையாது. தானே தேட வேண்டும்; நல்லது ஒன்று சிக்கினால் அதைக் கேட்க ஓர் ஆளையும் தானே பிடிக்க வேண்டும். பாட்டு மட்டமாக இருந்து காரியம் கெட்டுப்போவது குறைவு. கேட்கிற விதத்திலும் கொடுக்கிற விதத்திலும்தான் கெடுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் போன் ஸ்பீக்கர். எலக்ட்ரானிக்கில் ஆட்டத்துக்கென்றே இருக்கிற ஹவுஸ், டெக்னோ இரண்டையும் தாங்கி நிற்பது பேஸ், அதாவது அடித்தொனி. அவற்றில் டிரம்மின் கனமான அடி 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் (ஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி தாழும்). போனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. கணியான் கூத்தில் மகுடம் என்கிற மேளம் இரண்டு அடிப்பார்கள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். மந்தத்தை நிறுத்திவிட்டு உச்சத்தை மட்டும் அடித்தால் சாமியாடிக்கு அருள் வருமா? போனை மேஜையில் வைத்து டெக்னோ கேட்பதும் அப்படித்தான். விலை உயர்ந்த ஹெட்போன் எதுவும் வேண்டாம், காதில் ஒழுங்காகப் பொருந்துகிற சாதா இயர்போன் போதும். சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் நெஞ்சு அதிர வைக்கிற பேஸ் பாக்ஸ் இருக்கிறது. என்ன, செட்டைச் சோதித்துப் பார்க்கவும் அவர்கள் சினிமாப் பாட்டைத்தான் போடுகிறார்கள்.

அடுத்தது அவசரம். சாரல் சமயத்தில் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு கார் நிறைய சொந்தக்காரர்கள் போகிறார்கள் என்று வையுங்கள். முன்சீட்டுப் பையன் ஒரு ஹவுஸ் ட்ராக்கைப் போடுகிறான். டும் டும் என்று டிரம் மட்டும் ஓடுகிறது. அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு கைதட்டல் சத்தம் சேர்கிறது. முக்கால் நிமிஷம். "ஏலே, பாட்டு எப்பம்லே வரும்?" என்கிறார் பின்சீட்டுச் சித்தப்பா. ஒரு நிமிஷம் தாண்டி ஹைஹேட் என்கிற தாளத் தட்டு வந்து சேர்கிறது. அதற்குள் போன் கைமாறிவிட்டது, ஆலங்குளம் வரும்போது பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது.

சித்தப்பா மேல் தப்பில்லை. சினிமாப் பாட்டில் ஒரு சின்ன முன்னிசை, உடனே பல்லவி. ஹவுஸ் ட்ராக் ஆறேழு நிமிஷம் ஓடும். அதன் தொடக்கத்திலும் கடைசியிலும் டிரம்மை மட்டும் விட்டுவைப்பது டிஜேக்காக. ஓடிக்கொண்டிருக்கிற ட்ராக்கின் வால்மேல் அடுத்ததன் தலையை ஏற்றி, இரண்டு தாளத்தையும் ஒன்றாக ஓடவிட்டு மாற்ற அந்த இடம் வேண்டும். இது தெரியாமல் முதல் நிமிஷத்தில் தள்ளிவிடுகிறவர், வாசல்படியிலேயே நின்று வீடு நன்றாக இல்லை என்கிறார். புதியவருக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த ட்ராக்கின் குறுக்கிய வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் எந்த நிமிஷத்திலிருந்து கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிற காரில் மெல்லிய ஓசைகளால் ஆன ஆம்பியன்ட் வகையறா பக்கமே போக வேண்டாம். காற்றுச் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும்.

ஆப் சொல்வதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது இன்னொரு தவறு. ஸ்பாட்டிஃபை 2015-லிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறது. உங்களைப் போலக் கேட்கிறவர்கள் வேறு என்னென்ன கேட்டார்கள் என்பதுதான் அதற்குப் பெரிய ஆதாரம். நம் வீடுகளில் ஒரு போன் ஒருவர் கையிலா இருக்கிறது? காலையில் அம்மாவுக்குக் கந்த சஷ்டி கவசம், மத்தியானம் பிள்ளைக்கு ரைம்ஸ், ராத்திரி உங்களுக்கு டெக்னோ. ஆப் பாவம், என்னதான் செய்யும்? பக்திப் பாட்டுக்கும் ரைம்ஸுக்கும் தனித்தனிப் பிளேலிஸ்ட் போட்டு, அவற்றை உங்கள் ரசனைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல அதிலேயே வழி இருக்கிறது.

அதைவிட நல்ல வழி, ஆளைப் பிடித்துப் போவது. இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் 2006 ஆல்பம் பிடித்துப்போனவர்கள் நிறையப் பேர். அதில் பல பாட்டுக்கு வாசித்தவர்கள் யார் என்று பார்த்தால் டாப்-கிங்ஸ் என்ற நியூயார்க் குழு வரும். அவர்கள் சோல் பாடகி ஷரோன் ஜோன்ஸின் குழு. அந்த அம்மாள் சிறைக் காவலராகவெல்லாம் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயது தாண்டித்தான் முதல் ஆல்பம் போட்டார். அவர்களுடைய டாப்டோன் ரெக்கார்டு கம்பெனியைத் தொடர்ந்தால் பாடகர் சார்லஸ் பிராட்லி. பழைய சோல் நட்சத்திரம் ஜேம்ஸ் பிரௌனைப் போல வேஷம் கட்டிப் பாடிப் பிழைத்த மனிதர், முதல் ஆல்பம் 2011-இல் வரும்போது வயது 62. இந்தக் கம்பியைப் பிடித்துப் பின்னால் போனால் அறுபதுகளின் டெட்ராய்ட் நகரமும் அங்கிருந்த மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியும் வந்துவிடும். அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கிதார்க்காரர் எத்தனையோ ஹிட்டுக்கு வாசித்தார். பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பம் வரும்வரை உறையில் அவர் பெயரைப் போடவில்லை. வாசித்தவர் பெயரைப் பார்க்காமல் பாடகர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறவர் இவ்வளவையும் விட்டுவிடுகிறார்.

"இதெல்லாம் ராஜா அப்பமே பண்ணியாச்சு" என்கிற பேச்சு ஒன்று உண்டு. பல சமயம் அதில் உண்மையும் இருக்கும். ஆனால் அதைச் சொன்னதும் எதிரே இருக்கிறவர் பாட்டை நிறுத்திவிடுகிறார், அதுதான் சிக்கல். இதன் இன்னொரு வடிவம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: ஆசிட் ஹவுஸ் என்கிற ஹவுஸ் வகையைக் கண்டுபிடித்தது இந்தியர் என்று. பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் 303 (பேஸ் பெட்டி), 808 (டிரம் பெட்டி) கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். இன்று கேட்டாலும் தூக்கிவாரிப் போடும். அன்றைக்கு அது விற்கவில்லை. 2010-இல் மறுபடி வெளியான பிறகுதான் உலகம் கவனித்தது. 1987-இல் அதே 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸைத் தொடங்கி வைத்த சிகாகோ பையன்களுக்கு இவரைத் தெரியாது. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே பெட்டியிலிருந்து வேறு வேறு காரணத்துக்காக ஒரே ஓசையை எடுத்தார்கள். பெருமைக்காகக் கதையைத் திரிக்காமல் சொன்னாலே நன்றாகத்தான் இருக்கிறது.

இண்டி என்றால் இங்கிலீஷ் பாட்டு என்று நினைப்பதும் நம்மிடம் உண்டு. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியபோது கானா, ராப், ராக் எல்லாம் தமிழிலேயே இருந்தது. அவர்கள் பாட்டை "பீட்டு செமையா இருக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் பாடுவது சாதியைப் பற்றி. நம் மாவட்டத்தில் அதை எடுத்துச் சொல்லத் தயக்கம் என்றால், அந்தப் பாட்டை அனுப்பாமலே இருக்கலாம்.

எந்த லிங்க்கை அனுப்புகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். யாரோ பதிவேற்றிய யூடியூப் நகலை அனுப்பினால் பாடினவருக்கு ஒன்றும் போய்ச் சேராமல் போகலாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாவிட்டால் அதற்குக் காசு கிடையாது. ஒரு தடவை என்று கணக்காக 30 வினாடி ஓட வேண்டும். சின்னக் கலைஞருக்கு உங்கள் பத்து நண்பர்களே ஒரு கணக்குதான். கலைஞர்களே பாட்டை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் விலை கொடுத்து இறக்கினால் கம்பெனிக்கு 15 சதவீதம், மீதியில் பணம் செலுத்தும் கட்டணம் போகப் பெரும்பகுதி அவருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்ற குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

சொல்கிற விதத்தில் பெரிய தவறு, குடும்பக் குரூப்பில் ஒரே மூச்சில் பத்து லிங்க் போடுவது. மாமா ஒரு தம்ஸ்-அப் போடுவார், மைனி ஒரு பூங்கொத்து போடுவார், ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஓர் ஆளுக்கு ஒரு பாட்டு, கூட ஒரே ஒரு வரி: "இயர்போன்ல கேளுங்க அண்ணாச்சி, ரெண்டாவது நிமிஷத்துல பேஸ் இறங்கும்." கண்டிப்பாகப் பிடிக்கும் என்று எழுதினால் கேட்பவர் பரீட்சைக்கு உட்கார்ந்தது போல ஆகிவிடுவார்.

மறுநாள் காலையிலேயே "கேட்டீங்களா?" என்று துளைக்காதீர்கள். அவராகப் பேச்சை எடுத்து, பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். குரலே இல்லை என்று நிறுத்தியவருக்கு அடுத்து பிராட்லியை அனுப்பலாம். குரல் கத்துகிறது என்றவருக்குச் சரண்ஜித் சிங்.