பழைய கணினியைப் பள்ளிக்கு அனுப்பும் முன்

நன்கொடையாக வந்த கணினிகளைச் சீரமைத்து வளரும் நாடுகளின் பள்ளிகளுக்கு அனுப்பும் பணியில் சேர்ந்திருக்கிறீர்களா? முதலில் வன்தட்டைக் கவனியுங்கள். பழைய உரிமையாளரின் கோப்புகளை நீக்குவது போதாது, மீட்டெடுத்துவிடலாம். தட்டு முழுவதையும் மேலெழுதி அழியுங்கள். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் அதற்கென உள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளை வேண்டும்.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். பழைய மேசைக் கணினிகள் சிலவற்றின் பின்புறம், மின்கம்பி செருகும் இடத்தருகே, 115/230 என்று குறித்த சிறிய சுவிட்ச் இருக்கும். அமெரிக்காவில் ஓடிய கணினியில் அது 115இல் நிற்கும். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலானவற்றிலோ மின்சாரம் 220 முதல் 240 வோல்ட். அப்படியே செருகினால் பவர் சப்ளை கருகிவிடும். உங்கள் உழைப்பெல்லாம் புகைதான்! சோதனைகள் முடிந்ததும் 230க்குத் தள்ளி, மேலே ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

கணினியை அணைத்து மீண்டும் போட்டதும் தேதியும் நேரமும் தவறிப்போனால், உள்ளே இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். உப்பிய மடிக்கணினி பேட்டரியை அனுப்பவே கூடாது. வலுக்குறைந்த கணினிக்கு லுபுண்டு என்ற எளிய இலவச இயங்குதளம் போதும். இணையம் இல்லாத பள்ளி என்றால் இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவையும் ஏற்றுங்கள், அங்குள்ள பிள்ளைகள் படிக்கும் மொழியில்.