கோகோ காய்க்க வேண்டுமா? சருகைக் கூட்டாதீர்கள்

ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறேன். நாலாம் வருஷம் அடிமரம் தெரியாத அளவுக்குப் பூ. காயை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். நானோ தோப்பைக் கூட்டிச் சருகைக் கொளுத்தி, மாதம் தவறாமல் பூச்சிமருந்தும் அடித்துக்கொண்டிருந்தேன். காய் பிடிக்க வைக்கும் ஈயை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

கோகோ பூ ஒன்றைப் பறித்துப் பாருங்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மகரந்தம் இதழின் குழிக்குள் ஒளிந்திருக்கும். சூலகத்தைச் சுற்றி ஐந்து செந்நிறக் குச்சிகள் வேலிபோல நிற்கும். தேனீயின் உடம்புக்கு அங்கே இடமில்லை. நுழைவது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள ஃபோர்சிபோமியா ஈ. முதுகு மயிரில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு இது அடுத்த மரத்துக்குப் போகும். பல கோகோ மரங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பதால் இந்தப் பயணம் அவசியம்.

இதன் புழு ஈரமான மக்கில் வளரும். அதைத்தான் நாம் செய்து தர வேண்டும். தார் வெட்டிய வாழையை வீசாமல், ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, நாலு கோகோ மரத்துக்கு நடுவே நிழலில் பரப்புங்கள். மேலே கோகோ சருகைப் போட்டு, காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளியுங்கள். அழுகி வாடை வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பழையது மக்கியதும் புதுத் துண்டு சேருங்கள்.

இந்தக் குவியலில் போட, கோகோ காயின் ஓடும் நல்லதுதான். ஆனால் காய் கறுத்து அழுகும் கருங்காய் நோய் வந்த ஓட்டைத் தோப்புக்குள் விடவே கூடாது. மட்கும் தென்னந்தண்டும் சாணக்குவியலும் வேண்டாம், காண்டாமிருக வண்டு வந்து தென்னையைக் கெடுக்கும். வாழைக் குவியலையும் அடிக்கடி கிளறி, வண்டுப்புழு இருந்தால் பொறுக்கிவிடுங்கள்.

மருந்து தவிர்க்க முடியாது என்றால் பாதித்த மரத்துக்கு மட்டும் அடியுங்கள். பூ விடியலில் விரியும். காலையில் தெளிப்பானைத் தொடாதீர்கள்.

பலன் தெரிய, அன்று விரிந்த ஐம்பது பூக்களின் பக்கத்தில் நூல் கட்டுங்கள். மகரந்தம் சேராத பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். நூறு பூவில் ஐந்து நிற்பதே பெரிது, அதனால் எண்ணிக்கை குறைவென்று கலங்க வேண்டாம். முன்பு ஒன்றுமே நிற்காத என் வரப்போர மரத்தில் போன முறை மூன்று நின்றன.