விமான டிக்கெட் எடுத்த கையோடு சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள்

நீண்ட தூர விமானத்தில் 'சைவம்' என்று மட்டும் சொல்லி வைத்தால் போதாது. முன்பதிவில் ஏவிஎம்எல் என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நம் ஊர் மசாலாவோடு சமைத்த சைவச் சாப்பாடு. விஜிஎம்எல் என்று இருந்தால் பால், தயிர், நெய் எதுவும் சேராத உணவு வரும். என் அம்மாவுக்கு ஒருமுறை அப்படித்தான் வேகவைத்த காய்கறியும் உலர்ந்த ரொட்டியும் வந்தன. தட்டை மூடிவிட்டு, கைப்பையில் இருந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்து இருக்கைக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார் (அவருக்கும் ஒரு கைப்பிடி போனது).

பெரும்பாலான நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொரு லாபம்: சிறப்பு உணவு கேட்டவர்களுக்கு வழக்கமாக முதலில் பரிமாறுவார்கள்.

அப்படியும் சாப்பாடு சப்பென்று இருந்தால் சமையல்காரரைத் திட்டாதீர்கள். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைக்குச் சமம். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. ஈரப்பதமோ 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு உலர்ந்தால் நாக்குக்கும் ருசி மங்கும். காலி பாட்டிலை எடுத்துச் சென்று, பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இருக்கையா? குலுக்கல் பிடிக்காதவர்களுக்கு இறக்கைப் பகுதி. கடைசி வரிசை வேண்டாம். பல விமானங்களில் அங்கே முதுகுச் சாய்வு பின்னால் போகாது, கழிப்பறைக்குக் காத்திருப்பவர்கள் தோளில் இடித்துக்கொண்டே நிற்பார்கள்.