பென் டிரைவில் வரும் பிடிஎஃப்: நூலகங்கள் தவிர்க்க வேண்டிய பதிப்புரிமைத் தவறுகள்

செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் யாராவது ஒரு பேராசிரியர் பென் டிரைவோடு வந்து நிற்பார். "சார், நாற்பது புக் இருக்கு. நம்ம டிஜிட்டல் லைப்ரரியில ஏத்திடுங்க, பசங்களுக்கு உதவும்." எங்கே கிடைத்தது என்று கேட்டால், "நெட்ல சும்மாதான் இருந்துச்சு" என்பார். கல்லூரி நூலகத்தில் சேர்ந்த புதிதில் நானும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றியிருக்கிறேன். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

"சும்மா கிடைக்கிறது" என்பதை "யாருக்கும் சொந்தமில்லை" என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். இந்தியச் சட்டப்படி ஒன்றை எழுதி முடித்தாலே பதிப்புரிமை வந்துவிடும். பதிவு செய்ய வேண்டாம், வட்டத்துக்குள் 'சி' போட வேண்டாம். இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் அங்கே போய்ப் படிக்கலாம் என்றுதான் அர்த்தம். இறக்கி நம் சர்வரில் வைத்து ஊருக்கே கொடுப்பது வேறு வேலை. உரிமையாளரே வெளியிட்ட பக்கமாக இருந்தால் லிங்க் கொடுங்கள், தொல்லை இல்லை. மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தால் தாராளமாக ஏற்றலாம். ஆனால் எந்த வகை உரிமம் என்று பாருங்கள். சிலவற்றில் விற்கக் கூடாது, சிலவற்றில் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. பெயர் போடாமல் பயன்படுத்தலாம் என்று மட்டும் அவற்றில் அநேகமாக எதிலும் இருக்காது.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது. "புத்தகம் நம்மிடம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியது, ஸ்கேன் செய்து போட்டால் என்ன?" 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலை மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்று சேர்த்தார்கள். இதைப் பலரும் பாதி மட்டும் படிக்கிறார்கள். மீதிப் பாதி, 'பாதுகாப்பதற்காக' என்ற சொல். கறையான் அரித்தாலும் வெள்ளம் வந்தாலும் நூல் அழிந்துபோகாமல் இருக்கத்தான் அந்த அனுமதி. ஸ்கேன் செய்ததை இணையதளத்தில் திறந்துவிடுவதற்கு அது பொருந்தாது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு இன்னொரு விலக்கு உண்டு: நூலகத்தின் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். மூன்றேதான்.

அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இப்படி ஸ்கேன் செய்த நூல்களைக் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டது. ஒரு அச்சுப் பிரதிக்கு ஒரு மின்பிரதி என்ற கணக்கில் அவர்கள் இரவல் கொடுத்துவந்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும் அந்தக் கணக்கையும் சில வாரங்களுக்குத் தளர்த்தினார்கள். நான்கு பெரிய பதிப்பகங்கள் 127 நூல்களை முன்வைத்து வழக்குப் போட்டன. 2023-இல் கீழ் நீதிமன்றத்திலும் 2024-இல் மேல்முறையீட்டிலும் ஆர்க்கைவ் தோற்றது. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கே செல்லாது என்றுதான் தீர்ப்பு. அந்த ஊர்ச் சட்டம் இங்கே செல்லாது, சரி. ஆனால் 'நாங்கள் நூலகம், லாபம் பார்க்கவில்லை' என்ற ஒரு வரியை மட்டும் நம்பி இறங்குபவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பழைய புத்தகம் என்றால் பிரச்சினை இல்லை என்பார்கள். எது பழையது? ஆசிரியரின் ஆயுள், அப்புறம் 60 ஆண்டு, அதுவும் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் ஜனவரியிலிருந்து. உ.வே.சா. 1942-இல் மறைந்தார், அவர் எழுதியவற்றுக்கான உரிமை 2002-உடன் முடிந்தது. ஆனால் 1950-இல் அச்சான நூலின் ஆசிரியர் 1990 வரை இருந்தார் என்றால் 2050 வரை தொட முடியாது. தாள் பழுப்பேறியிருப்பதும் மறுபதிப்பு வராததும் கணக்கில் வராது. தமிழில் நமக்கு ஒரு வசதி, நாட்டுடைமை. 1949-இல் பாரதியில் தொடங்கி, பல எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குத் தமிழக அரசு பணம் கொடுத்துப் படைப்புகளைப் பொதுவாக்கியிருக்கிறது. ஆனால் பொதுவானது மூலம் மட்டும்தான். போன வருடம் ஒருவர் எழுதிச் சேர்த்த முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டை ஓவியம் எல்லாம் அவரவருடையது. குறளுக்கு உரிமையாளர் கிடையாது, உரைக்கு உண்டு.

சந்தா கட்டும் மின்னிதழ்களில் சட்டத்தை விட ஒப்பந்தம்தான் பேசும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து அரசு கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் 13,000 இதழ்கள் வரை திறந்திருக்கின்றன. இத்தனை கிடைத்ததும் சிலருக்குக் கை பரபரக்கிறது. ஓர் ஆய்வு மாணவர் மென்பொருள் வைத்து இதழின் பத்து வருடத் தொகுதியை இரவோடு இரவாக இறக்குவார். பதிப்பகத்தின் கணினி அதைக் கண்டுபிடித்து, அவரை மட்டுமல்ல, வளாகம் முழுவதையும் தடுத்துவிடும். காலையில் திட்டு வாங்குவது நூலகர். பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே ரகம். மின்னூலின் பூட்டை உடைத்துப் பிரதி எடுப்பது இன்னும் ஒரு படி மேல். உரிமையை மீறும் நோக்கத்தில் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

இவ்வளவு சொன்னதும் சில நூலகர்கள் எல்லாவற்றுக்கும் 'காப்பிரைட்' என்று கையை விரித்துவிடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. பத்து சதவீதத்துக்கு மேல் நகல் எடுக்கக் கூடாது என்று ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவு எடுக்கலாம். டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் பாடத்தொகுப்பு நகலெடுத்த ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், கற்பித்தலுக்கு அது தேவையா என்பதைத்தான் 2016-இல் உயர் நீதிமன்றம் அளவுகோலாக வைத்தது.

சில வருடம் முன்பு பார்வையற்ற மாணவர் ஒருவர், பாடநூலை ஸ்கேன் செய்து எழுத்துக் கோப்பாகத் தர முடியுமா என்று கேட்டார். உரிமைப் பிரச்சினை வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 2012 திருத்தத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்குப் படிக்க ஏற்ற வடிவில் மாற்றித் தரலாம் என்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. லாபம் பார்க்கக் கூடாது, அந்தக் கோப்பு மற்றவர்களிடம் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது: "சார், நிறைய இடத்துல துணைக்காலை 'ர'ன்னு எடுத்திருக்கு. 'காலம்'னு வர்ற இடத்துலெல்லாம் கம்ப்யூட்டர் 'கரலம்'னு படிக்குது. கொஞ்சம் திருத்தித் தர முடியுமா?"